தங்கவயல் பங்காளி – 14: புதன்கிழமை வந்த போன்

சென்ற வாரம் பரசுராமனைப் பேனர் கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். மனிதர் அங்கே அரை நாள் நின்று, மகளின் நிச்சயதார்த்த பேனரில் யார் படம் எங்கே வரவேண்டும், யார் தலை யார் தலையைவிடப் பெரிதாக இருக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லி, கடைக்காரர் ராமராஜனை ஒருவழி பண்ணிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பரசுராமன் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆண்கள் சிலர் செடி வளர்ப்பார்கள், சிலர் கோயில் கமிட்டிக்குப் போய்ச் சண்டை போடுவார்கள். இவர் சொந்தக்காரர்களைத் தேடினார். திருப்புட்குழிக்கு வெளியே வயல் நடுவில் இருக்கிற குலதெய்வக் கோயிலில் ஒரு வெண்கல மணி தொங்குகிறது. அதில் ‘வீரபாகு மகன் ஏழுமலை உபயம், தங்கவயல்’ என்று பொறித்திருந்தது. வீரபாகு இவருடைய கொள்ளுத்தாத்தா. அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அவருக்கு ஏழுமலை என்று இளைய மகன் ஒருவன் இருந்ததும், மழை பொய்த்த ஒரு வருஷம் கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன அவன் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டதும் இங்கே யாருக்கும் தெரியாது.

மணியைப் போட்டோ எடுத்து, தங்கவயல்காரர்களின் முகநூல் குழு ஒன்றில் போட்டார் பரசுராமன். ஒன்பதாம் நாள் சிம்ரன் என்கிற பெண் பதில் எழுதினாள். ஏழுமலை அவளுக்குக் கொள்ளுத்தாத்தா. அவளுடைய அப்பா கோதண்டபாணி, சுரங்கம் மூடுகிறவரை அதில் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர், பிள்ளை என்று சிம்ரன் ஒருத்திதான். முறை பார்த்ததில் கோதண்டபாணி பங்காளி. வயதில் ஏழு மூத்தவர், ஆக அண்ணன். ஆனி மாதம் அப்பாவும் மகளும் காஞ்சிபுரம் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார்கள். போகும்போது பரசுராமன் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுததைத்தான் ஆறாவது அத்தியாயத்தில் படித்தோம்.

இனி இந்த வாரக் கதை.

புதன்கிழமை காலை எட்டரைக்கே பரசுராமன் பத்திரிகைப் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு திருப்புட்குழிக்குக் கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அபிநயாவுக்கு நிச்சயதார்த்தம், சின்ன காஞ்சிபுரத்தில் மண்டபம். நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாவிட்டால் முகம் கோணுகிற ஏழெட்டு வீடுகள் அந்த ஊரில் பாக்கி இருந்தன. அவசரத்தில் போனைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அபிநயா ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தாள்.

வீட்டில் இருந்தவள் தேவகி ஒருத்திதான். மடியில் அரக்கு நிறத்தில் ஒரு முகூர்த்தப் பட்டு. பட்டுக்கடைகளிலிருந்து புதுப் புடவைகளை வாங்கி வந்து, முந்தானை நூலைப் பிரித்து முறுக்கிக் குஞ்சம் கட்டித் தருவது அவளுக்கு இருபது வருஷத் தொழில். யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் புடவை, நாலு மணிக்குள் கடைக்குப் போயாகவேண்டும். பாதி முந்தானை முடிந்திருந்தது.

பத்தரை மணிக்குப் பரசுராமனின் போன் அடித்தது. சிம்ரன் பேர் தெரிந்ததும் தேவகி சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள். வெள்ளிக்கிழமை எந்த பஸ்ஸில் வருவது என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள்.

சிம்ரன் அழவில்லை. அழுது முடித்துவிட்ட குரலில், விடியற்காலை அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது, ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், எட்டு மணிக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். சித்தப்பா இருக்கிறாரா என்று கேட்டாள். வெளியே போயிருக்கிறார் என்று தேவகி சொன்னது நிஜம்தான்.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுக்கறாங்க சித்தி,” என்றாள் சிம்ரன். “கொள்ளி யாரு வெக்கறதுன்னு தெருவுல கேட்டாங்க. எங்க சித்தப்பா காஞ்சிபுரத்துல இருக்காரு, வந்துடுவாருன்னு சொல்லிட்டேன்.”

“சரிம்மா,” என்றாள் தேவகி.

போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மடியிலிருந்த புடவையை இரண்டு விரலால் தூக்கித் தள்ளி வைத்தாள். கோதண்டபாணியை நினைத்து அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் வந்திருந்தபோது, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்த மனிதர். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும் இல்லையா? வருத்தத்துக்கு முன்னால் அவள் மனசில் வந்து நின்றது வெள்ளிக்கிழமைதான்.

காரணம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அபிநயாவுக்கு ஒரு வரன் கூடி வந்தது. நிச்சயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா மாரடைப்பில் போய்விட்டார். விசேஷம் நின்றது. தள்ளி வைக்கிறோம் என்று சொன்னவர்கள் அப்படியே கழன்றுகொண்டார்கள். அந்தச் சாவுக்கும் அபிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஒருத்தரிடமும் பதில் இருக்காது. ஆனால் பொண்ணு ராசி அப்படி என்று தெருவில் பேசினார்கள். பிறகு வந்த மூன்று ஜாதகமும் வாசலோடு திரும்பிப் போயின. நாலாவதாக வந்ததுதான் விக்ரம். கப்பல் கம்பெனியில் வேலை, தங்கமான பையன். வருகிற திங்கட்கிழமை கப்பல் ஏறினால் திரும்ப ஒரு வருஷம். அதனால்தான் நிச்சயத்தை இந்த வெள்ளிக்கிழமையே வைத்தார்கள். இதுவும் ஒரு சாவால் நின்றால் அந்தப் பெண்ணுக்கு இந்த ஜில்லாவில் கல்யாணம் நடக்குமா?

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை நல்லது எதுவும் கூடாது. இதில் விலக்கு இல்லை. போன வருஷம் இதே கோதண்டபாணி இறந்திருந்தால் இவர்களுக்கு ஒன்றுமே இல்லை. யாரோ ஒரு தங்கவயல்காரர். இப்போது கண்டுபிடித்துத் தொலைத்தாகிவிட்டது.

ஆனால் தீட்டு விஷயத்தில் ஒரு சந்து உண்டு என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். தீட்டு சாவோடு வருவதில்லை, சேதியோடு வருவது. வெளியூர் சாவு பத்து நாள் கழித்துத் தெரியவந்தால், காதில் விழுந்த நிமிஷத்திலிருந்துதான் கணக்கு. கேட்டவர் கட்டிய துணியோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். கேட்காதவருக்கு அதுவரை ஒன்றும் இல்லை.

தேவகி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கேட்டவள் அவள் ஒருத்தி. பரசுராமன் கேட்கவில்லை, அபி கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தட்டு மாற்றப்போகிறவர் அவர், மணையில் உட்காரப்போகிறவள் அபி. தட்டு மாற்றி, மாப்பிள்ளை வீட்டார் வேன் ஏறியதும் சேதியைச் சொல்லிவிடலாம். ஐம்பது சொச்சம் மணி நேரம் ஒரு வாய் மூடியிருந்தால் போதும். பாவம் வந்தால் அவளோடு போகட்டும்.

கொல்லைக்குப் போய்க் கட்டிய புடவையோடு நாலு குடம் தண்ணீர் தலையில் ஊற்றிக்கொண்டாள். அது தன்னை யோக்கியமாகக் காட்டிக்கொள்ளச் செய்தது இல்லை. அந்த ஈரத்தோடு தீட்டும் போனால்தான், உள்ளே கிடக்கிற கல்யாணப் புடவையை அவள் மறுபடி தொட முடியும். யார் வீட்டுப் பெண்ணோ, அதன் முகூர்த்தத்துக்குத் தன் கையால் ஒரு குறை வந்துவிடக் கூடாது. தன் வீட்டு முகூர்த்தத்துக்கு என்ன வரும் என்பது வேறு சங்கதி.

பன்னிரண்டு மணிக்கு ராமராஜன் பேனரைக் கொண்டு வந்தார். சார் இல்லை என்று தெரிந்தும், அம்மாவாவது பார்க்கட்டும் என்று கூடத்தில் விரித்தார். கூடம் போதாமல் வாசற்படிவரை போனது. நடுவில் அபியும் விக்ரமும், சுற்றிலும் வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்கள். வலது பக்கம், மற்ற எல்லா வட்டத்தையும்விடப் பெரிய வட்டத்தில், தலையில் சுரங்கத் தொப்பியோடு கோதண்டபாணி. ‘அன்புடன் வரவேற்கும் பெரியப்பா, தங்கவயல்’ என்று கீழே சிவப்பில் எழுதியிருந்தது. இரண்டு கையும் கும்பிட்டபடி இருந்தார்.

இந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று தேவகி கேட்டாள். ராமராஜனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சார் மூன்று தடவை பெரிசாக்கச் சொன்னது இந்த ஒரு படத்தைத்தான் என்றார். வேண்டுமானால் மேலே ஒரு பூக்கூடை ஸ்டிக்கர் ஒட்டித் தரலாம், ஆனால் நேற்று ராத்திரியே சார் இதை மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார், மாப்பிள்ளையின் அம்மா தொப்பிக்காரர் யார் என்று கேட்டு, சார் பெருமையாக விவரம் சொன்னதைத் தானே பக்கத்தில் இருந்து கேட்டதாகவும் சொன்னார்.

ராமராஜன் போன பிறகு தேவகி அந்தப் பேனரைச் சுருட்ட முடியாமல் சற்று நேரம் நின்றாள். செத்தவர் கும்பிட்டு வரவேற்கிற வாசல் வழியாகச் சம்பந்தி வீட்டார் வரப்போகிறார்கள். பிற்பாடு தேதி தெரியவந்தால் அந்தச் சம்பந்தியம்மா தையல்நாயகி சும்மா விடுமா? இருந்தும் அவள் மனசு மாறவில்லை. பிற்பாடு வருகிற சண்டையைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம், முதலில் நிச்சயம் நடக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

ஒரு மணிக்குச் சிம்ரன் மறுபடி கூப்பிட்டாள். தேவகி எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு ஒரு தடவை, இரண்டேகாலுக்கு ஒரு தடவை. மூன்றாவதற்குப் பிறகு தேவகி அந்தப் போனை அணைத்துவிட்டாள். அணைத்ததை மறுபடி சார்ஜரில் சொருகி வைத்தாள். பிறகு உட்கார்ந்து மீதி முந்தானையை முடித்து, நாலு மணிக்குக் கடை ஆள் வந்தபோது புடவையைக் கொடுத்தனுப்பினாள். முடிச்சு ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஐந்து மணிக்கு அபிநயா வந்தாள். மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. ஷிப்டு முடிகிறவரை போனை லாக்கரில் பூட்டி வைக்கவேண்டும். மூன்றரைக்கு எடுத்துப் பார்த்தாள் என்றால், சிம்ரன் அனுப்பியதெல்லாம் அதில் வந்து கிடந்திருக்கும் இல்லையா? இந்தச் சின்ன விஷயம் தேவகிக்கு நாள் முழுக்கத் தோன்றவே இல்லை. அவள் காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான்.

அபி பையைக்கூட இறக்காமல் நின்றாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் யோசித்துக்கொண்டு வந்தவள், அம்மாவின் தலையைப் பார்த்தாள். நுனியில் முடிச்சுப் போட்டு, காய்வதற்காக முதுகில் விரித்து விட்டிருந்த தலை.

“தலைக்குத் தண்ணி ஊத்திக்கினியாமா?”

தலைவலி என்றாள் தேவகி.

“புதன்கிழமையா?”

செவ்வாய், வெள்ளி தவிர வேறு நாளில் தேவகி தலைக்குக் குளித்து அபி பார்த்ததில்லை. ஜுரம் வந்தபோதுகூட வெள்ளிக்கிழமைவரை காத்திருந்தவள். தேவகி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போகப் பார்த்தாள்.

“காலையிலயே தெரியும் உனக்கு,” என்றாள் அபி. கேள்வியாகக் கேட்கவில்லை. “போனயும் நீதான் ஆஃப் பண்ணி வெச்சிருக்கிற.”

தேவகி உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். தீட்டுக் கணக்கைச் சொன்னாள், இரண்டு வருஷத்துக்கு முந்திய கதையைச் சொன்னாள், திங்கட்கிழமை கப்பலைச் சொன்னாள். உனக்காகத்தானே என்று முடித்தாள். எல்லாம் முடிந்ததும் தன் போனை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

சிம்ரன் எழுதியிருந்தது: ‘அபி, சித்தப்பா போன் ஆஃப்ல இருக்குது. எனக்குப் புரியுது. வெள்ளிக்கிழம உனக்கு நிச்சயம், மறந்தே போய்ட்டேன், சாரி. சித்தப்பாவுக்குச் சொல்ல வேணாம். தெருவுல நான் ஏதாவது சொல்லிக்கிறேன். எங்கள இன்னும் கண்டுபிடிக்கலன்னு நெனச்சிக்கோங்க.’

தேவகி அதை இரண்டு தடவை படித்தாள். திட்டி எழுதியிருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அப்பனை நடுவீட்டில் கிடத்திவிட்டு அந்தப் பெண் இவள் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டிருந்தது. தேவகிக்கு வெட்கமாக இருந்தது. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து இவ்வளவு வெட்கப்பட்டதில்லை அவள்.

“எனக்கும் வெள்ளிக்கிழம வேணும்மா,” என்றாள் அபி. “பொய் சொல்லல. பஸ்ல வரும்போது, இத அப்பாகிட்ட சொல்லாம வுட்டா இன்னான்னு நானும் யோசிச்சுக்கினுதான் வந்தேன். வுட்டுடலாம்னுகூட தோணுச்சு. வூட்டுக்கு வந்து உன் தலயப் பாத்தப்புறம் முடியாது போலக்குது.”

“நின்னு போச்சுன்னா?”

“நின்னா நிக்கட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரலமா. ஆனா அப்பா போகணும்.”

அபி முகம் கழுவி, ஒரு பையில் இரண்டு செட் துணி எடுத்து வைத்தாள். ஒன்று அப்பாவுடையது, ஒன்று தன்னுடையது. தேவகி பார்த்துக்கொண்டிருந்தாள், ஏன் என்று கேட்கவில்லை.

ஆறரைக்குப் பரசுராமன் வந்தார். வெயிலில் அலைந்து முகம் கறுத்திருந்தாலும் ஆள் குஷியாக இருந்தார். மத்தியானம் ஒரு வீட்டிலும் கை நனைக்கவில்லை, பசி உயிர் போகிறது என்றார். தேவகி இலையைப் போட்டாள். சேதியைச் சொன்னால் மனிதர் இலையில் கை வைக்க மாட்டார், தகனம் முடிகிறவரை பச்சைத் தண்ணீரோடு கிடப்பார். ஒரு வாய் சாப்பிடட்டும் என்று விட்டாள். அந்தப் பத்து நிமிஷம் அவள் பண்ணியது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள், சோறு போடுகிறவர்கள்தான் சொல்லவேண்டும்.

சாப்பிட்டுக்கொண்டே பரசுராமன் திருப்புட்குழிக் கதையெல்லாம் சொன்னார். போன வீட்டிலெல்லாம் தங்கவயல் அண்ணனைப் பற்றித்தான் பேச்சாம். ஒற்றை ஆளாக நிற்கிறாயே என்று ஆயுசு முழுக்கத் தன்னைக் கேட்டவர்கள் வாயை இன்றைக்கு அடைத்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை நம் பக்கத்துக்குத் தட்டு மாற்றப்போவது தான் இல்லை, மூத்தவர் இருக்கும்போது தான் எப்படி முந்திக்கொள்வது, அண்ணன்தான் மாற்றவேண்டும் என்று முடிவே பண்ணிவிட்டதாகச் சொன்னார். அண்ணனிடம் இன்றைக்கு ராத்திரி போனில் சொல்லவேண்டும் என்றார். ரசம் கேட்டார். தேவகி ஊற்றினாள்.

மோர் சாதம் முடிந்து கை கழுவிவிட்டு வந்ததும் தேவகி சொன்னாள்.

“உங்க அண்ணன் போய்ட்டாருங்க. காலையில எட்டு மணிக்கு. சிம்ரன் பத்தரைக்குப் போன் பண்ணிச்சு. நான்தான் சொல்லல.”

பரசுராமன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. சுவரில் மணி ஏழு ஆகியிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தேவகியைப் பார்த்தார். எட்டரை மணி நேரத்தை மனசுக்குள் எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் கத்தி அவள் கேட்டிருக்கிறாள், தட்டை எறிந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவர் நேராகக் கொல்லைக்குப் போனார். சட்டை வேட்டியோடு குழாயடியில் உட்கார்ந்து, குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அவர் அழுவது கூடம்வரை கேட்டது.

ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். நாளைக்குப் பதினோரு மணி என்றாள் அபி. வேலூர் போய் அங்கிருந்து பஸ் மாறினால் விடிவதற்குள் போய்விடலாம், பார்த்து வைத்திருக்கிறேன், நானும் வருகிறேன், அங்கே அவள் தனியாக இருக்கிறாள் என்றாள். பரசுராமன் தலையை ஆட்டினார். போனை வாங்கி உயிர் கொடுத்துச் சிம்ரனைக் கூப்பிட்டார். கிளம்பிட்டேம்மா என்றார். அதை மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஆட்டோவில் ஏறும்போதுதான் தேவகியிடம் ஒரு வார்த்தை பேசினார். கொள்ளி வைத்துவிட்டு மொட்டைத் தலையோடு வருவேன், அதற்கு முன்னால் தையல்நாயகி அம்மாவுக்கு நீயே சொல்லிவிடு, மறைத்தவள் நீதானே என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆட்டோ திரும்பிப் போய்விட்டது.

தேவகி உள்ளே வந்து விளக்கைப் போட்டாள். இனி தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டோம் என்று தெரிந்து, உட்காரக்கூட உட்காராமல் எண்ணைப் போட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா தையல்நாயகி உடனே எடுத்தார். தேவகி சுற்றி வளைக்காமல் சொன்னாள். இன்னார் இறந்துவிட்டார், இவரும் பெண்ணும் கிளம்பிப் போய்விட்டார்கள், வெள்ளிக்கிழமை வைக்க முடியாது, மன்னிக்கவேண்டும் என்றாள். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

தையல்நாயகி கெட்ட மனுஷி இல்லை. காரியக்காரி. அந்தத் தொப்பி போட்டவரா என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு முன்னால் கண்டுபிடித்தவர்தானே என்று கேட்டார். எத்தனை தலைமுறை விட்டுப்போன உறவு, இதுவரை அவர்கள் வீட்டுச் சாவுக்கெல்லாம் நீங்கள் தீட்டுக் காத்தீர்களா என்று கேட்டார். கேட்டதெல்லாம் நியாயமாகவே இருந்தது.

“இத பாருங்கமா,” என்றார் கடைசியில். “புள்ள திங்கக்கெழம கெளம்பிட்டா ஒரு வருசம். அதுக்குள்ள இன்னா ஆவும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்க பக்கத்துல ஆளாளுக்குப் பேசுவாங்க. தெரிஞ்சவரு ஒருத்தரு செத்துட்டாரு, மொகத்துக்காகப் போயிருக்காங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். நான் எங்க ஆளுங்கள சமாளிச்சிக்கிறேன். வெள்ளிக்கிழம சாயந்திரத்துக்குள்ள அவரு வந்துடுவாரு இல்ல? வந்து தல முழுகிட்டு ஒக்காரட்டும். உங்களுக்கு அவரு இன்னா ஒறவுன்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

வழியை அந்தம்மாவே திறந்துவிட்டார். காலையிலிருந்து தேவகி தேடிக்கொண்டிருந்த வழி அதுதான். ஒரே ஒரு பொய், அதுவும் பெரிய பொய்கூட இல்லை. சொன்னால் வெள்ளிக்கிழமை நடக்கும், பெண் பேர் கெடாது. சொல்லாவிட்டால் இதோடு போச்சு என்றுதான் அர்த்தம். தேவகிக்கு அது நன்றாகவே புரிந்தது.

பரசுராமன் ஒற்றைப் பிள்ளை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கொழுந்தன் என்றோ, புருஷனின் அண்ணனை மூத்தார் என்றோ வாயால் சொல்ல தேவகிக்கு ஆளே இருந்ததில்லை.

“யோசிச்சிட்டேங்க,” என்றாள். “அவரு எங்க மூத்தாரு.”

தையல்நாயகி போனை வைக்கவில்லை. அதைக் கையால் பொத்திக்கொண்டது போல மங்கலாக, “விக்ரம், இங்க வாப்பா,” என்று அந்தம்மா கூப்பிடுவது கேட்டது. தேவகி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.